காட்டுப் பயிற்சியாளர்: ராணுவமா, பரம்பரையா, பள்ளியா, மீட்புக் குழுவா?

காட்டில் தங்கவும் மலையில் நடக்கவும் கற்றுத்தரும் வகுப்புகளின் விளம்பரத்தில் பயிற்சியாளரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். 'முன்னாள் ராணுவ வீரர்' என்பார்கள். 'தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்' என்பார்கள். இல்லாவிட்டால் சர்வதேசச் சான்றிதழ், மீட்புப் பணி அனுபவம். கேட்பதற்கு எல்லாமே கெத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இந்த இரண்டு வரியில் இருக்காது. எதைச் சொல்லித்தர மறந்துவிடுவார் என்பதை மட்டும் ஓரளவு கணிக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் நான் பார்ப்பது அதைத்தான்.

அதிகம் விலைபோகும் பின்னணி ராணுவம். அமெரிக்க விமானப்படைக்கு வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஃபேர்சைல்ட் தளத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. விமானம் சுடப்பட்டு எதிரி நிலத்தில் விழுந்த விமானி எப்படி உயிரோடு இருப்பது, பிடிபடாமல் நகர்வது, பிடிபட்டால் தாக்குப்பிடிப்பது, தப்பிப்பது என்பதுதான் பாடம். இப்படிப்பட்ட இடத்தில் ஊறியவர்கள் வகுப்பு எடுக்கும் விதம் அபாரம். முதலில் எது, அடுத்து எது என்ற வரிசையில் குழப்பமே இருக்காது. குளிரில் விரல் விறைத்தாலும் முடிச்சு விழும்வரை விடமாட்டார்கள்.

சிக்கல் மாணவரிடம் இருக்கிறது. அந்தப் பாடம் இளம் வயது, மருத்துவப் பரிசோதனையில் தேறிய, 'முடியாது' என்று சொல்லப் பழகாத ஒருவருக்காக எழுதப்பட்டது. அவரை ஒரு படையே தேடிக்கொண்டிருக்கும். சில நாள் தாக்குப்பிடித்தால் போதும். வார இறுதி வகுப்புக்கு வருபவர்களோ வேறு ரகம். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குச் சர்க்கரை. மூன்றாமவருக்கு ஷூ கடித்துக் கொப்பளம் வந்திருக்கும், சொல்லக் கூச்சம். சாதாரண மலைநடையில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் வழுக்கி விழுவது, நீரில் மூழ்குவது, இதயக் கோளாறு போன்றவை. முயலுக்குக் கண்ணி வைக்கத் தெரியாமல் செத்தவர் கதை அபூர்வம். இருந்தாலும் கண்ணி வைப்பதற்கு அரை நாள், ஆற்றைக் கடக்கலாமா கூடாதா என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் வகுப்புகள் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிர், காட்டிலேயே வளர்ந்தவர். இவரிடம் இருப்பது பாடத்திட்டத்துக்குள் அடங்காத அறிவு. விலங்குகளின் காலடித் தடம் பார்ப்பவர் ஒருவரோடு நடந்தால் தெரியும். தரையைப் பார்ப்பதற்கு முன் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். தடம் தனக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்கும்படி சுற்றிவந்து நிற்பார்; சாய்வெயிலில் குழியின் விளிம்பு நிழல் விட்டால்தான் அது கண்ணில் படும். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தடத்தின் மேலேயே மழைத்துளிப் புள்ளிகள் இருந்தால், மழைக்கு முன்பே விலங்கு போய்விட்டது. இதையெல்லாம் அவர் வாயால் சொல்வாரா என்பது வேறு கதை. 'பார்த்தா தெரியுதே' என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம்.

தென்னாப்பிரிக்காவில், தடம் பார்க்கும் கலையை ஆராய்ந்த லூயி லீபன்பர்க் இதற்கு ஒரு வழி கண்டார். கரூ தேசியப் பூங்காவில் கரேல் பெனாடி என்ற எழுதப் படிக்கத் தெரியாத தடம் பார்ப்பவரோடு சேர்ந்து, கண்டதைப் படங்களைத் தொட்டே பதிவு செய்யும் சைபர்டிராக்கர் என்ற கையடக்கக் கருவி முறையை 1990களில் உருவாக்கினார். தடம் பார்ப்பவர்களின் திறமையைக் களத்திலேயே சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் அதே பத்தாண்டில் தொடங்கியது. கேள்வித்தாள் கிடையாது. தரையில் இருக்கும் தடத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத நிபுணரை அளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. (ஒரு பழங்குடியின் பெயரைச் சொல்லி வார இறுதி வகுப்பு விற்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்று கேட்டாலே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.)

இந்த இரண்டு பின்னணியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததும் உண்டு. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய அடுத்த வருடமே, 1954இல், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. முதல்வர், ராணுவ மேஜர் நரேந்திர தர் ஜெயால். களப் பயிற்சி இயக்குநர், டென்சிங் நார்கே. உலகின் உச்சியில் நின்ற டென்சிங்கையே முதலில் ஸ்விட்சர்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவருக்கு மலை ஏறத் தெரியாது என்று யாரும் நினைக்கவில்லை. ஏறுவது ஒரு வேலை, ஏற வைப்பது இன்னொரு வேலை என்று புரிந்தே அனுப்பினார்கள்.

மூன்றாவது வகை, வெளிப்புறப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வருபவர். இந்த வகை அந்த 'இன்னொரு வேலை'யிலேயே பிறந்தது. அமெரிக்க மலையேறி பால் பெட்சோல்ட் 1924இல், 16 வயதில், கௌபாய் பூட்ஸோடு கிராண்ட் டீட்டன் மலையில் ஏறி, மயிரிழையில் தப்பி வந்தவர். 1938இல் கே2 சிகரப் பயணத்தில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் மலைப்படையினருக்குப் பயிற்சி கொடுத்தார். ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகத் தகுதியானவர்கள் போதவில்லை என்று பார்த்து, 1965இல் அமெரிக்காவின் வயோமிங்கில் நோல்ஸ் என்ற வெளிப்புறத் தலைமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயணமே வாரக்கணக்கில் போகும். வழிகாட்டும் பொறுப்பை மாணவர்களே மாற்றி மாற்றி ஏற்பார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் 70 முதல் 80 மணி நேர வனப்பகுதி முதலுதவிப் படிப்பும் முடித்திருப்பார்கள். கொப்பளத்தைச் சொல்லக் கூச்சப்படுபவரை முதலில் கண்டுபிடிப்பதும் இவர்கள்தான். ஆனால் அடுப்பும் நல்ல கூடாரமும் பழகியவர்கள். ஈர விறகில் நெருப்பு மூட்டுவதில் பரம்பரை ஆளிடம் நிற்க முடியாது. படிவங்களில் கையெழுத்து வாங்கியே காலை நேரம் போய்விடும் என்ற குறையும் உண்டு.

மீட்புக் குழுவிலிருந்து வருபவர் தொலைந்தவர்களைத் தேடித் தேடி, மனிதர்கள் எப்படித் தொலைகிறார்கள் என்று தெரிந்துகொண்டவர். கலிஃபோர்னியாவில் 1981இல் தொலைந்துபோன ஒரு சிறுவன் இறந்த பிறகு, தேடுதல் பணியில் இருந்தவர்கள் குழந்தைகளுக்காக 'மரத்தைக் கட்டிக்கொள்' என்ற பாடத்தை உருவாக்கினார்கள். தொலைந்தது தெரிந்ததும் ஒரு மரத்தருகே நின்றுவிடு, நகராதே. கையில் ஒரு விசிலும் பெரிய பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். இதில் வீரமும் இல்லை, விளம்பரத்துக்குப் படம் எடுக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாலைப்பொழுதில் கற்கக்கூடியதில் இதற்கு இணை கிடையாது. குறை என்னவென்றால், நல்லபடியாகத் திரும்பி வந்தவர்களை இவர் பார்ப்பதே இல்லை. வகுப்பு முடியும்போது வீட்டிலேயே இருந்துவிடலாமோ என்று தோன்றிவிடும்.

டிவியிலும் யூடியூபிலும் பெயர் வாங்கியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு குழு நிற்கிறது. ஆனால் இந்த நாலு வகையிலும் சேராத தனியாள் எல்லோரையும், புகழ் இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. கனடாவின் மோர்ஸ் கோசான்ஸ்கி படையிலிருந்தும் வரவில்லை, பழங்குடியும் அல்ல. வடக்குக் காட்டில் கத்தியும் கோடரியுமாக வாழ்நாள் முழுக்கச் சோதித்துப் பார்த்தவர். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பல வருடம் கற்பித்தார். அவர் மாதிரி ஆட்கள் அபூர்வம், அவ்வளவுதான்.

சரி, நாலு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்ப்போம். எட்டுப் பேர் கொண்ட குழு. மாலை நாலரை மணி, பனிமூட்டம் இறங்கிவிட்டது. பாதை தெரியவில்லை, ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது. ராணுவ ஆள் அரை மணியில் எல்லோருக்கும் தற்காலிகத் தங்குமிடம் அமைத்துவிடுவார், யாருக்கும் பதற்றம் இருக்காது. பரம்பரை ஆளுக்கு இது அவருடைய காடென்றால் பிரச்சினையே இல்லை. பாதை அவர் காலிலேயே இருக்கிறது. ஆனால் வேறு காடென்றால் அந்த அனுகூலத்தில் பாதி போய்விடும். பள்ளி ஆள் மூன்றரை மணிக்கே வானத்தைப் பார்த்துக் குழுவைத் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு ஆள் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் காலையிலேயே ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருப்பார்.

முதல்முறை போகிறவருக்கும் குடும்பத்தோடு போகிறவருக்கும் என் தேர்வு பள்ளி ஆள்தான், அதோடு மீட்புக் குழுவின் ஒரு மாலை வகுப்பு. அடிப்படை கைவந்த பிறகு காட்டை ஆழமாக அறிய வேண்டும் என்றால் பரம்பரை ஆளிடம் போங்கள். ஒரு வார இறுதி போதாது, ஒரே காட்டில் மாதக்கணக்கில் அவர் பின்னால் நடக்க வேண்டும். ராணுவ வகுப்பை நான் கடைசியில்தான் வைப்பேன். தனியாக, ஆளில்லாத இடங்களுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு மட்டும் அதை முன்னால் நகர்த்துவேன்.

யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது, எதனால் பாதியில் திரும்பினீர்கள்? நல்ல ஆள் யோசிக்காமலே இடத்தையும் காரணத்தையும் சொல்வார். அப்புறம், முதலுதவிச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்? அது பொதுவாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் பரவாயில்லை. 'அதெல்லாம் எதுக்கு?' என்று சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.