மாதாந்திரப் பல் திட்டம் தேவையா? ஈரோட்டில் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பல் மருத்துவர்கள் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வது பல ஊர்களில் அரிதாகிவிட்டதால், நம்மவர்கள் பலர் தனியார் பல் மருத்துவமனைகளின் மாதாந்திரத் திட்டங்களில் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எனக்கு மாதம் 22 பவுண்டும் மனைவிக்கு 31 பவுண்டும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 636 பவுண்டு. இம்முறை ஊருக்குப் போயிருந்தபோது என் கடைவாய்ப் பல் ஒன்றில் பழைய அடைப்பு உடைந்துவிட, ஈரோட்டிலேயே சிகிச்சை செய்துகொண்டேன். கட்டிவரும் பணத்துக்குத் திட்டம் ஏற்றதுதானா என்று கணக்குப் பார்க்க வைத்தது அந்தப் பல்தான்.

கோபியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மாமனார், "ஏனுங்க மாப்ளே, பல்லு வலிக்காத மாசத்துக்குமா பணங் கட்டறீங்க?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. இத்தகைய திட்டம் காப்பீடு அன்று. பல் வலிக்காத மாதங்களுக்கான பராமரிப்புச் செலவையே அது தவணையாக வாங்குகிறது. என் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை, இரண்டு முறை சுத்தம் செய்தல், தேவையான எக்ஸ்ரே ஆகியவை அடங்கும். அடைத்தல், வேர் சிகிச்சை, கேப் (பல்லின்மேல் பொருத்தும் மூடி) போன்றவற்றுக்குக் கிடைப்பது பத்து சதவீதத் தள்ளுபடி மட்டுமே. சிகிச்சைச் செலவையும் ஏற்கும் திட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றில் சேருமுன் இருக்கும் பழுதுகளை நம் செலவில் சரிசெய்துகொள்ளச் சொல்வார்கள், பல்லின் நிலையைப் பார்த்தே மாதத் தொகையை நிர்ணயிப்பார்கள்.

எங்கள் மருத்துவமனையில் திட்டம் இல்லாதவருக்குப் பரிசோதனை 55 பவுண்டு, சுத்தம் செய்ய 70 பவுண்டு. இரண்டையும் ஆண்டுக்கு இருமுறை செய்தால் 250 பவுண்டு. நான் கட்டுவது 264. எக்ஸ்ரேயைச் சேர்த்தால் ஏறக்குறைய சமம். ஆனால் நான்கு முறையும் தவறாமல் போனால்தான் அந்தச் சமம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் போயே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை: இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் பல், ஈறுகளின் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி இருக்கலாம் என்கிறது. எனக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று மருத்துவரே சொல்லிவிட்டதால், தனித்தனியாகக் கட்டினால் 125 பவுண்டில் முடிந்துவிடும்.

இனி உடைந்த பல்லுக்கு வருகிறேன். கோவையில் முதலில் பார்த்த ஒரு பெரிய மருத்துவமனையில், வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் தொகுப்புச் சிகிச்சை என்று ஓர் அட்டையை நீட்டினார்கள். மூன்று கேப், பற்களை வெளுப்பாக்குதல், அதற்குமேல் குடும்பம் முழுவதற்குமான மாதச் சந்தா வேறு. வலிப்பது ஒரு பல்தான் என்று நினைவூட்டிவிட்டு எழுந்து வந்தேன். ஈரோட்டில் பெருந்துறை சாலைப் பக்கம் பார்த்த மருத்துவர், பி.டி.எஸ். முடித்தபின் வேர் சிகிச்சையிலேயே மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒரு பல்லுக்கு மட்டும் வேர் சிகிச்சையும் கேப்பும் போதும் என்றார். பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டி, எச்சில் படாமல் வேலை செய்தார். இங்கிலாந்தில் எனக்கு நடந்த வேர் சிகிச்சையோடு ஒப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருச்செங்கோடு, குமாரபாளையம், கோவை என்று பல் மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த பகுதி இது என்பதால், மருத்துவருக்கும் பஞ்சமில்லை, கட்டணப் போட்டிக்கும் பஞ்சமில்லை.

வேர் சிகிச்சைக்கு 5,500 ரூபாய், ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப்புக்கு 9,500, ஆக 15,000 ரூபாய். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று கொண்டால் 130 பவுண்டு. இதே வேலைக்கு எங்கள் தனியார் மருத்துவமனையின் விலைப்பட்டியல் 1,500 பவுண்டு. திட்டத்தின் பத்து சதவீதத் தள்ளுபடி 150 பவுண்டு. அதாவது அங்கே கிடைத்திருக்கும் தள்ளுபடியே ஈரோட்டில் ஆன மொத்தச் செலவைவிட அதிகம். என்.எச்.எஸ். மருத்துவர் கிடைத்திருந்தால், 2025 ஏப்ரல் முதலான கட்டணப்படி, வேர் சிகிச்சையும் கேப்பும் ஒரே சிகிச்சைத் தொடரில் அமையும்போது என்.எச்.எஸ். கட்டணங்களில் உச்சமான மூன்றாம் படிநிலைக் கட்டணமான 326.70 பவுண்டுக்குள் அடங்கியிருக்கும். விமானச் செலவை நான் சேர்க்கவில்லை. பல்லுக்காக யாரும் ஊருக்கு வருவதில்லை. வந்த இடத்தில் பல்லையும் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கில் விலைப்பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. கேப் செய்து வர ஆய்வகத்துக்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், விடுமுறையின் கடைசி வாரத்தில் தொடங்கினால் தற்காலிகக் கேப்புடன் விமானம் ஏற வேண்டிவரும். பின்னால் தொல்லை வந்தால், இன்னொருவர் செய்த வேலைக்கு இங்கிலாந்து மருத்துவர் பொறுப்பேற்க மாட்டார். பல திட்டங்களில் வெளிநாட்டு அவசர உதவி என்று ஒன்று இருக்கிறது. அது எதிர்பாராத வலியைத் தணிப்பதற்கானது, ஊருக்குப் போய் நாமாகச் செய்துகொள்ளும் கேப்புக்குச் செல்லாது. எனவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, கேப்பின் உத்தரவாத அட்டை, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கேட்ட அன்றே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்.

மனைவியின் கணக்கு வேறு. அவருக்கு ஈறு நோய் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தே ஆக வேண்டும். நான்கு முறை சுத்தம், இரண்டு பரிசோதனை என்று தனித்தனியாகக் கட்டினால் 390 பவுண்டு. திட்டத்தில் எக்ஸ்ரேயும் சேர்த்து 372. ஆண்டில் ஒருமுறை ஊருக்குப் போகும்போது செய்துகொள்கிற சுத்தம் இதற்கு ஈடாகாது. அவருடைய திட்டம் தொடர்கிறது. அவர் சேலம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர். ஃபுளோரைடு தந்த பழுப்புக் கறை முன்பற்களில் உண்டு. பல் உருவாகும் வயதிலேயே எனாமலில் படிந்த அது எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது; அழகுக்கான சிகிச்சை என்பதால் திட்டமும் ஏற்காது.

கோவையில் நீட்டிய குடும்பச் சந்தாவை என் அம்மாவுக்காகவாவது எடுக்கலாமா என்று யோசித்தேன். மாதம் 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000. ஈரோட்டில் ஒருமுறை சுத்தம் செய்ய ஆயிரம் ரூபாய்தான். ஆலோசனைக் கட்டணம் அதற்கும் மிகக் குறைவு. முன்பணம் கட்டிய கிளை மூடிவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்கும் அங்கே தெளிவான பதில் இல்லை. அம்மாவுக்குத் தேவைப்பட்ட பல்செட்டைக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டோம். காத்திருப்பு நேரம் அதிகம், மாணவர்கள் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். பேச்சுத்துணை கிடைத்ததில் அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சியே.

என் திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். அந்த 22 பவுண்டு இனி ஒரு தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகும். மேல்வரிசையில் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒரு பல்லுக்கு இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல், வைக்கும் முடிவை மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறேன். எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். திருகை ஒரு பயணத்திலும் அதன்மேல் பல்லை அடுத்த பயணத்திலும் வைக்க வேண்டும், இடையில் ஏதாவது ஆனால் ஈரோட்டு மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார். அதற்கு மட்டும் இங்கிலாந்திலேயே இரண்டு இடங்களில் விலை கேட்டிருக்கிறேன்.