நின்று உறையும் நீரும் அலைந்து உறையும் நீரும்: பனிக்கட்டியைப் படமெடுக்க எந்தக் கரை?

அமெரிக்காவின் மினியாபொலிஸில் வசிக்கும் ஒருவர் குளிர்காலத்தில் ஏரிக்கரைப் பனிக்கட்டியைப் படமெடுக்கப் புறப்பட்டால், அவர் முன்னால் மூன்று கரைகள் இருக்கின்றன. காரில் இரண்டரை மணி நேரம் ஓட்டினால், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையிலுள்ள டுலூத் நகரத்தையும் அங்கிருந்து வடகிழக்காக நீளும் வடகரையையும் அடையலாம். ஒரு முழுப் பகலும் ஓட்டினால், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் கலங்கரை விளக்கங்கள் பனிக்கட்டி போர்த்தி நிற்கும் செயின்ட் ஜோசப் வந்துவிடும். விமானத்தில் கால்கரி சென்று, மேலும் மூன்று மணி நேரம் சாலையில் போனால், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள ஆபிரகாம் ஏரி. மூன்று கரைகளிலும் ட்ரைபாட் ஊன்றியிருக்கிறேன். எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகச் சொல்லிவந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அந்த மூன்று இடங்களிலும் உறைவது நீர்தான் என்றாலும், அது எந்த நிலையில் உறைகிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும் அடங்கியிருக்கிறது. ஆபிரகாம் ஏரியில் நீர் நின்ற நிலையில், மேலிருந்து கீழாக மெதுவாக உறைகிறது. சுப்பீரியரில் மெல்லிய ஏடாக உறைந்த நீரைக் காற்று உடைத்துக் கரையில் அடுக்குகிறது. மிச்சிகனின் கரையிலோ, அலை தெறித்த துளிகள் பட்ட இடத்திலேயே உறைகின்றன. எந்த லென்ஸை எடுப்பது, எந்த நேரத்தில் நிற்பது, எந்த ஆபத்துக்கு அஞ்சுவது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆபிரகாம் ஏரி இயற்கையாக உருவானதன்று. வடக்கு சாஸ்காட்செவன் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பிக்ஹார்ன் அணையால் 1972இல் தேங்கிய நீர்த்தேக்கம் அது. அடியில் மக்கும் தாவரங்களிலிருந்து நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அந்தக் குமிழிகள் மேலெழுந்து பனிக்கட்டியின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொள்ள, பனிக்கட்டி கீழ்நோக்கித் தடிக்கும்போது அவை உள்ளேயே சிறைப்படுகின்றன. அடுத்த குமிழி அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. இவ்வாறு தோசைகளை அடுக்கி வைத்தது போன்ற வெள்ளைத் தட்டுகள் கண்ணாடி போன்ற நீலத்துக்குள் தொங்குகின்றன. மீத்தேன் குமிழிகள் வேறு பல ஏரிகளிலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் வெண்பனி மூடிவிடும். ஆபிரகாமில் மலைப் பள்ளத்தாக்கு வழியாக வீசும் கடுங்காற்று வெண்பனியைத் துடைத்துக்கொண்டே இருப்பதால், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை குமிழிகள் தெளிவாகத் தெரிகின்றன.

அங்கே அகலக்கோண லென்ஸும், பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரும் இல்லாமல் போவது வீண். பதினாறு மில்லிமீட்டர் அளவிலான லென்ஸை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முன்னே குமிழிகளையும் பின்னே மலைகளையும் ஒரே சட்டத்தில் சேர்ப்பதே அந்த ஏரியின் இயல்பான படம். குமிழி ஓர் அடி தூரத்திலும் மலை பல கிலோமீட்டர் தூரத்திலும் இருப்பதால், லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் இரண்டும் சேர்ந்து கூர்மையாக வருவது கடினம். ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்தி மூன்று நான்கு படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பதே பாதுகாப்பு. போலரைசரைப் பற்றி ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். பனிக்கட்டியின் பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் வானத்தின் பிரதிபலிப்பு மிக அதிகமாக மறையும். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31 என்பதிலிருந்து வரும் கணக்கு இது. அகலக்கோண லென்ஸின் சட்டத்தில் பல கோணங்கள் ஒன்றாக அடங்குவதால், நடுப்பகுதி தெளிந்தும் தொலைவுப் பகுதி மின்னிக்கொண்டும் இருக்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வரம். காலடியில் ஆழம் தெரிய, தொலைவில் அதே பரப்பு மலையின் இளஞ்சிவப்பைத் திருப்பிக் காட்டும்.

ஆபிரகாமின் குறையையும் மறைக்கக் கூடாது. மின்னுற்பத்திக்காகக் குளிர்காலம் முழுவதும் நீர் இறக்கப்படுவதால், கரையோரப் பனிக்கட்டி தன் ஆதாரத்தை இழந்து வெடித்தும் சரிந்தும் கிடக்கிறது. சில இடங்களில் அடியில் வெற்றிடம். அருகிலுள்ள நார்டெக் சிற்றூரைத் தாண்டினால் உதவி தொலைவில்தான் இருக்கிறது. இன்னொன்று, அங்கே போகும் எல்லோருக்கும் ஒரே படம் கிடைக்கிறது. குமிழி அசையாது, மலையும் அசையாது. எனவே அங்கே எடுத்த படங்களை நான் திரும்பப் பார்க்கும்போது அவற்றின் அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை என் படங்கள்தான் என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

சுப்பீரியரின் வடகரை இதற்கு நேர்மாறானது. அதன் பரப்பு சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 406 மீட்டர். இவ்வளவு நீர் எளிதில் குளிர்வதில்லை. குளிர்ந்தாலும் காற்று அதை அமைதியாக உறைய விடுவதில்லை. காற்றடங்கிய கடுங்குளிர் இரவு ஒன்றில் கண்ணாடி ஏடு போல நீர்ப்பரப்பு உறையும். பிறகு வடகிழக்கிலிருந்து காற்று கிளம்பினால், அந்த ஏடு உடைந்து டுலூத் பக்கம் தள்ளப்பட்டு, கருநிற எரிமலைப் பாறைகளின் மேல் சில்லுகளாகக் குவியும். முதன்முறை டுலூத்தில், பிரைட்டன் கடற்கரை என்று அழைக்கப்படும் ஏரிக்கரையில் அதைக் கேட்டபோது, வளையல் கடையில் யாரோ கூடை கூடையாகக் கவிழ்ப்பதாகவே தோன்றியது. ஒவ்வொரு அலைக்கும் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சறுக்க, அந்தக் கிண்கிணி ஓசை கரை நெடுக ஓடியது. குந்தி உட்கார்ந்து ஒரு சில்லை விளிம்பிலிருந்து பார்த்தேன். முகப்பில் நிறமற்றது போலிருந்த அது, விளிம்பில் தடித்த கண்ணாடியைப் போலப் பச்சை கலந்த நீலமாக இருந்தது. உள்ளே ஊசி முனையளவு காற்றுப் புள்ளிகள் வரிசையாக நின்றன. மேற்பரப்பில் இறகு போன்ற உறைபனிக் கோடுகள் படரத் தொடங்கியிருந்தன.

அந்த நீலத்துக்குக் காரணம் எளிது. நீர் மூலக்கூறுகள் செந்நிற ஒளியைச் சற்று அதிகமாக உறிஞ்சுவதால், தெளிந்த பனிக்கட்டிக்குள் ஒளி நெடுந்தூரம் பயணித்தால் நீலமே மிஞ்சும். காற்றுக் குமிழிகள் நிறைந்தால் ஒளி சிதறி வெண்மையாகும். எனவே சில்லுகளை முன்னிருந்து விழும் ஒளியில் எடுத்தால் சாம்பல் குவியலாகத்தான் தெரியும். பின்னிருந்து ஒளி ஊடுருவ வேண்டும். இங்கேதான் வடகரைக்கு மற்றவற்றில் இல்லாத ஒரு சிறப்பு: கரை தென்கிழக்கை நோக்கியிருப்பதால், குளிர்காலச் சூரியன் ஏரியின் மேலேயே எழுகிறது. உதயத்துக்குப் பின் அரை மணி நேரம் சில்லுக் குவியல் விளக்கேற்றியது போல நிற்கும். நான் அப்போது போலரைசரைக் கழற்றிவிட்டு, 100 முதல் 400 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் லென்ஸையோ, மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸையோ மட்டும் பயன்படுத்துகிறேன். சில்லின் மினுமினுப்பைப் போலரைசர் கொன்றுவிடுகிறது. மினுமினுப்பு போனால் அது பிளாஸ்டிக் துண்டாகவும் தோன்றக்கூடும்.

வடகரைமீது சொல்லப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, அதை நம்பிப் பயணம் திட்டமிட முடியாது என்பது. உண்மைதான். 2014இல், சுப்பீரியரும் மிச்சிகனும் அடங்கிய ஐம்பெரும் ஏரிகளின் பரப்பில் 92 விழுக்காட்டுக்கும் மேல் உறைந்தது. அதே ஏரிகளில் 2024ஆம் ஆண்டின் உச்ச அளவு 16 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 2014இல் விஸ்கான்சின் கரையிலுள்ள அப்போஸ்தல் தீவுகளின் பனிக்குகைகளுக்கு ஏரியின் மேல் நடந்தே சென்றவர்கள் ஏறக்குறைய 1,38,000 பேர்; அத்தகைய ஆண்டுகள் அரிது. குகைகளை நம்பித் திட்டமிடுபவர் ஏமாறுவார். ஆனால் கரையோரப் படத்துக்கு ஏரி முழுவதும் உறைய வேண்டியதில்லை. சொல்லப்போனால், முழுவதும் உறைந்துவிட்டால் சில்லுகளைத் தள்ள நகரும் ஏடும் இல்லை, தெறிக்க அலையும் இல்லை. திறந்த நீரும் கடுங்குளிரும் காற்றும் ஒன்றாகக் கூடும் நாள்களே நமக்கு வேண்டும். குறைவாக உறையும் ஆண்டுகளிலும் அத்தகைய நாள்கள் வந்து போகின்றன.

செயின்ட் ஜோசப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மேற்கிலிருந்து வீசும் காற்று ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்து அலைகளை அலைதாங்கிச் சுவரின் மீது அறைய, அங்கே நிற்கும் இரண்டு விளக்குக் கோபுரங்களும் அவற்றை இணைக்கும் இரும்பு நடைபாதையும் உருகி வழிந்த மெழுகுவர்த்தி போல ஆகிவிடுகின்றன. மாலை ஒளி மேற்கிலிருந்து நேராக விழுவதால் படம் எடுப்பதும் எளிது. ஆனால் ஒரே பொருள், ஒரே திசை. இரண்டாம் முறை போனபோது எனக்குச் செய்ய அதிகமில்லை. அங்கே கண்ணுக்குப் புலப்படாத ஆபத்து, கரையை ஒட்டி உருவாகும் பனித்திட்டு. அலை எறிந்த கூழ்ப்பனியும் மணலும் சேர்ந்து இறுகிய அது, தரையைப் போலத் தோன்றினாலும் உள்ளே பொந்துகள் நிறைந்தது. ஏரியின் மீது உறைந்த தெளிந்த பனிக்கட்டி பத்து சென்டிமீட்டர் தடித்தால் நடக்கலாம் என்ற பொதுவிதி இந்தத் திட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. நல்ல கோணம் கிடைக்கும் என்பதற்காக அதன்மேல் ஏறியவர்களைக் கண்டு நெஞ்சு பதைத்திருக்கிறேன். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் இருக்கும்போது அந்தப் பத்தடி தேவையே இல்லை.

மூன்று இடங்களுக்கும் பொதுவான சில நடைமுறைகள் உண்டு. கேமராவின் ஒளிமானி வெண்மையைச் சாம்பலாக்க முயல்வதால், பரந்த வெண்பனியில் ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்ட வேண்டும். பின்னிருந்து ஒளி விழும் சில்லுகளுக்கு மட்டும் அப்படிச் செய்யாமல், படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக் குறைக்க வேண்டும். மாற்று பேட்டரிகள் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். வீடு திரும்பும்முன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடிவிட வேண்டும். இல்லையேல் வீட்டுக் காற்றின் ஈரம் லென்ஸின் மீது நீராய்ப் படியும். லென்ஸின் முன்கண்ணாடியில் தெறித்து உறைந்த துளியைத் துணியால் தேய்ப்பது, தெளிவான படத்தைக் கெடுக்கும் விரைவான வழி. ஒருமுறை அவசரத்தில் தேய்த்து, ஓர் உதயம் முழுவதையும் மங்கலாக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து, தெறிக்கும் நாளில் இரண்டாவது லென்ஸ் பையில் இருக்கிறது.

ரஷ்யாவின் பைக்கால் ஏரியைச் சேர்க்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். ஒரு மீட்டர் தடித்த கண்ணாடிப் பனியும் ஓல்கோன் தீவின் பாறைகளில் அலை தெறித்து உறைந்த தொங்கட்டான்களும் ஒரே ஏரியில் கிடைப்பதால் அதற்கு ஈடில்லை. ஆனால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகக்கூடிய தொலைவில் அது இல்லை.

என் தேர்வு வடகரை. வாழ்நாளில் ஒரே ஒரு பயணம்தான் சாத்தியம், உறுதியாகப் படம் வேண்டும் என்பவர் பிப்ரவரித் தொடக்கத்தில் ஆபிரகாமுக்கே போகட்டும். அங்கே வெறுங்கையோடு திரும்புவது அரிது. ஒரு வார இறுதியும் ஒரு கலங்கரை விளக்கமும் போதும் என்பவருக்குச் செயின்ட் ஜோசப் பொருந்தும். ஆனால் ஒரே கரைக்குப் பலமுறை போகத் தயாராக இருப்பவர், சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக டுலூத்தில் இருக்கும்படி கிளம்பலாம்: முந்தைய இரவு காற்றடங்கிக் கடுங்குளிராக இருந்து, விடியலுக்குள் வடகிழக்குக் காற்று எழும் என்று வானிலை அறிக்கை சொன்னால் போதும்.