ஃப்ரெய்ட் கட்டியாச்சு, பெட்டி எப்போ கைக்கு வரும்?

முழு கன்டெய்னர் ஒன்றைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அதை எடுப்பதற்காகவே விடுப்பு போட்டு ஊருக்கு வருகிறவர்கள் துறைமுகத்தில் கேட்கும் முதல் கேள்வி: "பணமெல்லாம் அங்கேயே கட்டியாச்சே, இது என்ன பில்?" அங்கே கட்டியது கப்பல் கூலி. பெட்டி தரையில் இறங்கியதும் வேறு மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. டெர்மினல், கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரின் உள்ளூர் ஏஜென்ட், சுங்கம், கிளியரிங் ஏஜென்ட், டிரெய்லர்காரர், காலிப் பெட்டி யார்டு என்று ஆளுக்கொரு ரசீது நீட்டுவார்கள். மோசடி என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

முதல் முட்டுக்கட்டை, பெட்டியை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர், சுருக்கமாக டி.ஓ. அது இல்லாமல் பெட்டி அசையாது. ஃபார்வர்டர் மூலம் அனுப்பினால் நம் கையில் இருப்பது அவர் கொடுத்த ஹவுஸ் பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்கான ரசீது). கப்பல் கம்பெனியின் மாஸ்டர் பி.எல்.லில் சரக்கு பெறுபவராக இருப்பது அவருடைய உள்ளூர் ஏஜென்ட். ஆகவே கம்பெனி டி.ஓ.வை அவரிடம்தான் கொடுக்கும், அவர் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு நமக்குக் கொடுப்பார். ஃப்ரெய்ட் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால், விட்டதை இந்த இடத்தில்தான் பிடிப்பார்கள். விற்பவரே கப்பல் கூலி கட்டும் சி.ஐ.எஃப். சரக்கிலும் இதே கதை: ஏஜென்டைத் தேர்ந்தெடுத்தது அவர், பில் வருவது நமக்கு. பெட்டி ஏஜென்டின் பிடியில் இருக்கும்போது பேரம் பேசிப் பயனில்லை. புக்கிங்குக்கு முன்பே டி.எச்.சி. (டெர்மினலில் பெட்டியைக் கையாளும் கூலி), டி.ஓ. கட்டணம், ஹேண்ட்லிங், கன்டெய்னர் டெபாசிட், கழுவும் கூலி, இலவச நாட்கள் (கட்டணமில்லாமல் பெட்டியை வைத்திருக்க விடும் நாட்கள்) ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போட்டு, இறங்கும் துறைமுகத்துக்கான கட்டணத் தாள் கேளுங்கள். "உள்ளூர் செலவு தனி" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அந்த விலையை விலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பி.எல். எந்த வடிவில் வருகிறது என்பதும் காசுதான். ஒரிஜினல் என்றால் வழக்கமாக மூன்று பிரதி. ஒன்றைக் கவுண்டரில் ஒப்படைத்தால்தான் டி.ஓ. தபால் தாமதமானால் கப்பல் முந்திக்கொள்ளும். ஒரிஜினலைக் கைமாற்றிச் சொந்தச் சாமான்களை நடுக்கடலில் யாருக்கும் விற்கப்போவதில்லை, ஆகவே ஒரிஜினலை நீட்டாமலே சரக்கைப் பெற வழிசெய்யும் சீ வேபில் அல்லது டெலக்ஸ் ரிலீஸ் போதும். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் பி.எல்.லில் இனிஷியலுமாக இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். கப்பல் கிளம்புவதற்கு முன் வரைவு பி.எல். அனுப்புவார்கள், அப்போது எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தால் செலவில்லை. கப்பல் வந்தபின் மேனிஃபெஸ்ட்டை (கப்பலின் சரக்குப் பட்டியல்) திருத்தக் கட்டணமும் உண்டு, நாட்களும் போகும்.

நாட்கள்தான் இதில் உண்மையான செலவு. இலவச நாள் 7 என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை பெட்டி இறங்கினால் அதுவே முதல் நாள். வெள்ளி டி.ஓ. வாங்கப் போய்விடும். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை, ஆனால் கணக்கு நிற்பதில்லை. திங்கள் சுங்க மனு, செவ்வாய் சோதனைக்கு உத்தரவு, புதன் சோதனை. ஏழும் முடிந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தும் வியாழன் வெளியே வரும் பெட்டிக்கு ஒரு நாள் டெமரேஜ் (துறைமுகத்தில் பெட்டி கிடந்ததற்கான தாமதக் கட்டணம்) விழுகிறது. வெளியே வந்தபின் காலிப் பெட்டியைத் திருப்பித் தரும்வரை ஓடுவது டிடென்ஷன். இரண்டும் கப்பல் கம்பெனிக்குப் போவது. இவை போக, இடத்துக்கான வாடகையை டெர்மினல் தனியாகப் போடும், அதற்கு இலவச நாள் வேறு கணக்கு. அதனால் ஒரே நாளுக்கு இரண்டு பில் வருவது தவறில்லை. நாள் கூடக்கூட ஒரு நாளின் விகிதமும் படிப்படியாக ஏறும். புக்கிங்கின்போது 14 நாள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பெட்டி இறங்கியபின் கேட்டால் கிடைப்பது அரிது.

சுங்க வரியில் பலரும் தப்புக் கணக்கு போடுவது சதவீதத்தைக் கூட்டுவதில். சரக்கின் மதிப்பு 10,000, கப்பல் கூலி 2,400, காப்பீடு 100 என்றால், பெரும்பாலான நாடுகள் வரி போடுவது 12,500 மீது. (அமெரிக்கா போன்ற சில நாடுகள் கப்பல் கூலியைச் சேர்ப்பதில்லை.) வரி 20 சதவீதம் என்றால் 2,500. அடுத்து 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி 15,000 மீது, அதாவது 2,250. மொத்தம் 4,750. 20-ம் 15-ம் 35 என்று நினைத்து வந்தவர் சரக்கு மதிப்பில் 47.5 சதவீதம் கட்டுகிறார்.

குடிபெயர்ந்து திரும்புகிறவர்களுக்குப் பழைய வீட்டுச் சாமானில் பல நாடுகள் சலுகை தருகின்றன. ஆனால் வெளிநாட்டில் எத்தனை காலம் இருந்தார், பயணி வந்த தேதிக்கும் பெட்டி வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்றெல்லாம் பார்ப்பார்கள். இடைத் துறைமுகத்தில் பெட்டி கப்பல் மாறும் பாதையில் அடுத்த கப்பலைத் தவறவிட்டு ஒரு வாரம் கிடப்பது சாதாரணம். முதலில் விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு அதற்கேற்பக் கப்பலைத் தேடினால், விடுப்பு முடிந்து கிளம்பும் நாளில் பெட்டி வந்து நிற்கும். கடைசி இடைத் துறைமுகத்தைப் பெட்டி தாண்டியபின் டிக்கெட் எடுப்பது நல்லது. முடியாதென்றால், நேரில் வராமல் எடுக்க ஏஜென்டுக்கு அதிகாரக் கடிதம் போதுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கிங் லிஸ்ட்டில் "வீட்டுப் பொருட்கள், 40 அட்டைப்பெட்டி" என்று எழுதுவது முழுச் சோதனைக்கு நாமே வைக்கும் அழைப்பு. இறக்கி அடுக்கும் ஆள்கூலி நம் தலையில். ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் எண், உள்ளிருப்பது, மின்சாதனமென்றால் சீரியல் நம்பர் என்று எழுதி, சோதனையில் கேட்கக்கூடியவற்றைக் கதவோரம் அடுக்கினால் பாதி வேலை குறையும். முழு மரத்தாலான பெட்டி, பேலட் (சரக்கைத் தாங்கும் தட்டு) எதுவானாலும், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும், அதில் எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. முத்திரை இல்லையென்றால் புகையூட்டச் சொல்லலாம், திருப்பியும் அனுப்பலாம்.

அளவைப் பொறுத்தவரை, 20 அடிப் பெட்டி சுமார் 33 கன மீட்டர், 40 அடி 67, உயரமான 40 அடி 76. ஒழுங்கற்ற வீட்டுச் சாமானில் இதில் எண்பது சதவீதம் நிரம்பினாலே சாமர்த்தியம். 40 அடிக்குக் கூலி 20 அடியைப் போல இரண்டு மடங்கு ஆவதில்லை என்பதால் பலரும் பெரியதை எடுக்கிறார்கள். அந்த டிரெய்லர் வீட்டுத் தெருவில் திரும்புமா என்று பார்ப்பதில்லை. திரும்பாவிட்டால் யார்டிலேயே பிரித்து லாரிகளில் மாற்ற வேண்டும், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். டிரெய்லர் மேல் பெட்டியின் தளம் இடுப்பு உயரத்துக்கும் மேலே இருக்கும். சாய்தளமோ ஆட்களோ தயாராக இல்லாமல் வண்டியைக் காத்திருக்க வைத்தால் அதற்கும் மணிக்கணக்கில் பில்.

காப்பீட்டை வெட்டிச் செலவு என்பவர்களுக்கு 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலை நினைவூட்டலாம். அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அப்படி அறிவித்தால், சேதமே இல்லாத பெட்டிக்காரரும் மீட்புச் செலவில் தன் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும். காப்பீடு இருந்தால் அதைக் காப்பீட்டுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகக் காலிப் பெட்டி. சாமான் இறக்கியதும் தரை, சுவர், கூரை, கதவு எல்லாவற்றையும் தேதியுடன் படம் எடுத்து, ஆணி, டேப், மரத்துண்டு எதுவும் விடாமல் பெருக்கி அனுப்புங்கள். யார்டில் தரும் ஒப்படைப்புச் சீட்டில் "சேதமில்லை" என்று இருக்கிறதா என்று ஓட்டுநரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு சொல்லி மாற்ற முடியாது. டெபாசிட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நாம் விமானம் ஏறியிருப்போம். எந்தக் கணக்குக்கு வர வேண்டும், யார் பின்தொடர வேண்டும் என்பதைப் பணம் கட்டும் அன்றே எழுதிக் கொடுத்து, ரசீதின் ஒரிஜினலை ஊரில் இருக்கும் ஆளிடம் விட்டுவிட்டு வாருங்கள்.