இஸ்தான்புல்லில் 'பட்டுக்' கம்பளம் வாங்கிய கதை

போன அக்டோபரில் நானும் மனைவியும் இஸ்தான்புல் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை. சுல்தானகமெத் சதுக்கத்தில் 390ஆம் ஆண்டு ரோமப் பேரரசன் தியோடோசியஸ் நிறுத்திய எகிப்தியத் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல ஆங்கிலம். ப்ளூ மசூதிக்குப் போகிறோம் என்றதும், "இன்று வெள்ளிக்கிழமை, வெளியாட்களை நாள் முழுக்க விட மாட்டார்கள்" என்றார். "நான் கைடு இல்லை, காசு வேண்டாம்" என்று கேட்காமலே சொன்னார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள பாம்புத் தூண் கிரேக்கத்தின் டெல்ஃபியிலிருந்து வந்தது, மூன்று தலைகளும் உடைந்துவிட்டன என்று விளக்கினார். அத்தனையும் உண்மை. அதனால்தான் மசூதி விஷயத்தையும் நம்பினோம். உண்மையில் வெள்ளிக்கிழமை காலையில்தான் பார்வையாளர்களுக்கு அடைப்பு. ஜும்மா தொழுகை முடிந்ததும் மதியம் இரண்டரை வாக்கில் திறந்துவிடுகிறார்கள். கட்டணமும் கிடையாது.

"சித்தப்பா கடை பக்கத்தில்தான், ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்" என்றார். இடுப்பு குறுகிய கண்ணாடிக் குவளையில் ஆப்பிள் டீ வந்தது. கதவைச் சாத்தினார்கள். இரண்டு பையன்கள் கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார்கள், முப்பதாவது இருக்கும். நமக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே, வெறுங்கையோடு எப்படி எழுந்திருப்பது என்ற கூச்சம் வந்துவிட்டது. அந்தக் கூச்சம்தான் அவர்களுடைய முதலீடு.

இரண்டடிக்கு மூன்றடியில் ஒன்று. "ஹெரெக்கே, முழுப் பட்டு." 19ஆம் நூற்றாண்டில் சுல்தானின் அரண்மனைக்காக நெசவு தொடங்கிய ஊர் அது. 1,400 யூரோவில் ஆரம்பித்து 850ல் முடித்தார்கள். கார்டைத் தேய்த்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், மனைவியின் சொந்த ஊர் ஆரணி. தாத்தா வீட்டில் தறி ஓடியது. ஊர் திரும்பியதும் மாமியார் கம்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தீப்பெட்டி எடுத்து வந்தார். குஞ்சத்தில் ஒரு இழை, மேல்பரப்பில் ஒரு இழை. பட்டென்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். இரண்டிலும் காகிதம் எரிந்த வாசனைதான் வந்தது. "ஆர்ட் சில்க், மாப்பிள்ளை" என்றார். அதாவது செயற்கைப் பட்டு.

பில்லை எடுத்துப் பார்த்தால் 'கம்பளம் 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பட்டு, ஹெரெக்கே எதுவும் இல்லை. கடைக்கு வாட்ஸ்அப் செய்தேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கையெழுத்துப் போட்டு நீங்களே வாங்கியது என்று சொல்லி வங்கியும் கைவிரித்துவிட்டது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் நூலின் வகை, ஊர், அளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முழுப் பட்டு என்றால் பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) பட்டாக இருக்க வேண்டும், குஞ்சம் என்பது பாவின் நுனிதான். காசு கொடுக்கும் முன் அதிலும் மேல்பரப்பிலும் ஒரு இழை கேட்டுக் கொளுத்திப் பாருங்கள். தர மறுத்தால், எத்தனை கம்பளம் விரித்திருந்தாலும் சரி, டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.