ஷூவுக்குள் சென்சார், தரைக்குள் தட்டு: நடையை அளக்க எதை நம்பலாம்?

ஷூவின் உள்தளத்தில் வைத்து நடையை அளக்கும் இன்சோல் சென்சாரை விற்கும் எவரும் ‘அறிவியல்பூர்வமாகச் சரிபார்க்கப்பட்டது’ என்று சொல்லாமல் விடுவதில்லை. சரி, எந்த அளவு சரிபார்க்கப்பட்டது, யாருடைய காலில்? இதைக் கேட்ட பிறகுதான் ஒப்பீடே தொடங்குகிறது.

நடை ஆய்வில் இன்றும் உரைகல் ஃபோர்ஸ் பிளேட்தான். தரையில் பதித்த அந்தத் தட்டு, பாதம் தரும் விசையை மூன்று திசைகளிலும் அளக்கும். கேமராக்களையும் சேர்த்துக்கொண்டால் முழங்கால், இடுப்பு மூட்டுகளில் விழும் திருப்புவிசை வரை கணக்கிடலாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிவெடுக்க வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம்தான். இன்சோலை நான் பேச்சுக்கே எடுக்க மாட்டேன். ஆனால் தட்டில் ஒரு கால் மட்டும் முழுதாக விழ வேண்டும். ஊன்றுகோல் பட்டால் எடுத்துவைத்த அந்தக் காலடி வீண். தட்டைக் குறிபார்த்து மிதிப்பவரின் நடையும் மாறிவிடும்.

கெய்ட்ரைட் போன்ற, தரையில் விரித்து மேலே நடக்கும் அழுத்தப் பாய்களில் காலடி எட்டின் நீளமும் அகலமும் கிடைக்கும். ஷூவுக்குள் இருக்கும் அழுத்த சென்சார்களால் எட்டின் அகலத்தைச் சொல்லவே முடியாது.

இன்சோலின் பலம் நேரக் கணக்கு. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. மோட்டிகான் இன்சோல் விநாடிக்கு 100 முறை பதிவு செய்கிறது, அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. சாதாரண நடையில் ஒரு பாதம் தரையில் இருப்பது சுமார் 650 மில்லிவிநாடி. இரண்டு பாதமும் சேர்ந்து ஊன்றியிருப்பது ஒவ்வொரு முறையும் 110 மில்லிவிநாடி அளவுதான். 20 மில்லிவிநாடி பிசகினால் முதல் கணக்கில் 3 சதவீதப் பிழை, இரண்டாவதில் 18 சதவீதம். ஒன்று தேறியதை வைத்து மற்றதும் தேறியது என்று சொல்லிவிட முடியாது.

அழுத்தத்துக்கு வருவோம். மோட்டிகானில் ஒரு பாதத்துக்கு 16 சென்சார்கள். நோவல் நிறுவனத்தின் பெடாரில் ஏறக்குறைய நூறு. இரண்டுமே மின்தேக்க வகை (அழுத்தத்தை மின்தேக்கத் திறனின் மாற்றமாக அளப்பவை). டெக்ஸ்கேனின் எஃப்-ஸ்கேன் மின்தடை வகை (மின்தடையின் மாற்றமாக அளப்பது): மிக மெல்லியது, கத்தரிக்கோலால் காலுக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம், சதுர செ.மீ.க்கு நான்கு சென்சார் அளவுக்கு நெருக்கமானது. ஆனால் நேரமாக ஆக அது காட்டும் அளவு மெல்ல விலகும், சீக்கிரம் தேயும், அடிக்கடி அளவுதிருத்தம் கேட்கும்.

சர்க்கரை நோயாளிக்குப் பாதப் புண் திரும்பாமலிருக்கச் செருப்பு தேர்வு செய்யும்போது, சர்வதேச வழிகாட்டுதல் உள்ளங்காலின் உச்ச அழுத்தத்தை 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே, அல்லது இப்போது போடும் செருப்பில் இருப்பதைவிடக் குறைந்தது 30 சதவீதம் குறைவாகக் கொண்டுவரச் சொல்கிறது. அதுவும் 2 சதுர செ.மீ. சென்சாரை வைத்துச் சொன்ன எண். சென்சார் பெரிதானால் உச்சம் சராசரியில் கரைந்துவிடும். இந்த வேலைக்கு என் தேர்வு பெடார்.

இரண்டு கருவிகளின் அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் எண் ஒட்டுறவுக் குணகம்; முழுதாகச் சேர்ந்து போனால் 1. இங்கேதான் அது ஏமாற்றும். உண்மையான அளவைவிட எப்போதும் 15 சதவீதம் குறைத்துக் காட்டும் இன்சோலுக்கும் ஒட்டுறவு 1 என்றே வரும். அது 220 கிலோபாஸ்கலை 187 என்று காட்டும். ஆகாத செருப்பு தேறிவிடும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் எழுதியதே இதற்காகத்தான்: இரு கருவிகளின் வித்தியாசத்தை வரைந்து பார், எவ்வளவு தூரம் விலகுகிறது என்று சொல். அந்த வரைபடம் இல்லாத சரிபார்ப்பு ஆய்வை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அப்புறம், யாருடைய கால்? ஆரோக்கியமான இளைஞர்களின் குதிகால் தெளிவாகத் தரையில் படும். பார்க்கின்சன் நோயாளி காலை இழுத்து இழுத்து வைப்பார். பக்கவாதத்தில் விரல்பக்கம் முதலில் படலாம். விசை இந்த அளவைத் தாண்டினால் கால் ஊன்றியது என்று எழுதிய கணினி நிரல் அங்கே தடுமாறும். வேடிக்கை என்னவென்றால், இன்சோல் அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். நடந்துகொண்டிருக்கும்போதே கால் உறைந்து நிற்கும் பார்க்கின்சன் தொல்லை, மருத்துவர் முன்னால் பெரும்பாலும் வராது. வீட்டு நிலைப்படியில் வரும்.

அந்த வீடு நம் ஊர் வீடாக இருந்தால் நோயாளி வெறுங்காலோடுதான் இருப்பார். அவருக்குக் கணுக்காலில் கட்டும் அசைவு சென்சார் பொருந்தும். பாத அழுத்தம் மட்டும் அதில் கிடைக்காது.