ராமநாதபுரம் ஞாயிறு வகுப்பு: அமெரிக்க வெளியுறவுக் கொள்கை படிக்கச் சேரலாமா?

ராமநாதபுரத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறது. நானும் தம்பி மகளும் சேர்ந்து முடித்தோம். சேரலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். அவள் வந்தது குடிமைப் பணித் தேர்வுக்காக. எனக்கு இறால் கொள்முதல் தொழில், வாஷிங்டனில் ஒரு வரியை ஏற்றினால் இங்கே கம்பெனிக்காரர்கள் உடனே விலையை இறக்குகிற தொழில், அதனால் அந்த முடிவை அங்கே யார் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். மன்ரோ கோட்பாடு 1823, ட்ரூமன் கோட்பாடு 1947, நேட்டோ 1949 என்று வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிற ஆள் இல்லை. எந்த ஆண்டைச் சொன்னாலும் கூடவே மூன்று கேள்வி கேட்பார்: கையெழுத்துப் போட்டது யார், பணம் ஒதுக்கியது யார், தடுத்திருக்க முடிந்தவர் யார்? மொத்த வகுப்பும் இந்த மூன்று கேள்வியில்தான் ஓடுகிறது. கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது இதுதான் என்பேன்.

உதாரணத்துக்கு முதல் உலகப் போர். அதிபர் வில்சன் பாரிஸ் வரை போய்ப் பேசி முடித்துக் கொண்டுவந்த, ஜெர்மனியோடு போரை முடித்துவைக்கும் வெர்சாய் உடன்படிக்கையை அவருடைய நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட்டே ஏற்கவில்லை. 1920 மார்ச்சில் நடந்த கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை இருக்கிறது, ஆனாலும் தோல்வி, ஏனென்றால் உடன்படிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு செனட்டர்கள் வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த உடன்படிக்கையில் பிறந்த, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தை உருவாக்க அலைந்தவரின் நாடு கடைசி வரை அதில் சேரவே இல்லை.

இதைச் சொன்னதும் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்படின்னா 1974-ல கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு நம்ம நாடாளுமன்றத்துல ஓட்டு எடுத்தாங்களா?" என்று கேட்டான். நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சார் அதைத் தள்ளிவிடவில்லை. நம் நாட்டில் ஒப்பந்தம் போடுவது அரசின் அதிகாரம், நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960-ல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, கச்சத்தீவு விட்டுக்கொடுத்தது இல்லை, எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டது என்பது அரசு எடுத்த நிலை என்று நிதானமாக விளக்கினார். அப்புறம் அமெரிக்காவுக்கே திரும்பி வந்து, அங்கேயும் அதிபர்கள் செனட்டுக்குப் போகாமல் நிர்வாக ஒப்பந்தங்களாகவே பெரும்பாலான விஷயங்களை முடித்துக்கொள்கிறார்கள் என்றார். அதுவரை அமெரிக்க முறை ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல தெளிவு.

கடல் சட்டப் பாடமும் அருமை. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை அமெரிக்கா இன்று வரை உறுதி செய்யவில்லை. ஆனால் மற்ற நாடுகள் கடலில் அளவுக்கு மீறி உரிமை கொண்டாடுகின்றன என்று சொல்லிக் கடற்படையை அனுப்புகிறது. 2021 ஏப்ரலில் லட்சத்தீவு அருகே, நம் தனிப் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன், கனிமம் எல்லாம் நமக்கே உரிய கடல்), அனுமதி கேட்காமலேயே ஒரு போர்க்கப்பலை ஓட்டிவிட்டு அதை அவர்களே அறிக்கையாக வெளியிட்டார்கள். மன்னார் வளைகுடாவை வரலாற்று நீர்ப்பரப்பு, அதாவது நெடுங்காலமாகத் தனக்கே உரிய கடல் என்று இந்தியா சொல்வதையும் அவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. தினமும் பார்க்கிற கடல் வாஷிங்டன் ஆவணங்களில் ஒரு தகராறாகப் பதிவாகியிருக்கிறது என்று பாம்பனிலும் மண்டபத்திலும் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

1947 தேசியப் பாதுகாப்புச் சட்டம், அதில் பிறந்த தேசியப் பாதுகாப்புக் கவுன்சில், சி.ஐ.ஏ. உளவு அமைப்பு, இதெல்லாம் காகிதத்தில் படித்தால் தூக்கம் வரும் பகுதி. சார் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்ததால் வந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை நடத்திக் காட்டச் சொன்னார். என் தம்பி மகள் ராணுவத் தளபதிகள் பக்கம், உடனே குண்டு போட வேண்டும் என்று அவள் வாதாட வேண்டும். நான் வெளியுறவுத் துறை. பேசப் பேசத்தான் தெரிகிறது, அதிபர் தனியாக உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவு இல்லை இது. ஒவ்வொரு துறையும் தன் கையில் இருக்கிற ஆயுதத்தையே தீர்வாகக் கொண்டுவந்து வைக்கிறது. அதிபர் கென்னடி கடற்படையால் கியூபாவை வளைத்ததும், துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுப்பதாக ரகசியமாக ஒத்துக்கொண்டதும் ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பெரியப்பா, எனக்கே அந்தத் தளபதிகள் சொல்றது சரின்னு பட ஆரம்பிச்சிருச்சு" என்றாள் வீட்டுக்கு வரும்போது. பயந்துதான் சொன்னாள்.

வியட்நாம் போருக்கு வழிவிட்ட 1964 டோன்கின் வளைகுடா தீர்மானம் செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியதையும், அந்தச் சூட்டில் 1973-ல் அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம், அதிபர் தானாகப் போரில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் போர் அதிகாரத் தீர்மானம் கொண்டுவந்ததையும் நன்றாகவே நடத்தினார். நம் பக்கத்து வரலாற்றையும் விடவில்லை: 1965, 66 வறட்சியில் அதிபர் ஜான்சன் இந்தியாவுக்குக் கோதுமையைக் கப்பல் கப்பலாக எண்ணி எண்ணி விட்டது, 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் வங்கக் கடலுக்கு வந்தது.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னைக் கட்டிப்போட்டது இறால் பாடம். கடல் ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லாமல் பிடித்த இறாலை வாங்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1989-ல் சட்டம் போட்டது. வெளியுறவுத் துறை அதை முதலில் கரீபியன் பக்கத்து நாடுகளோடு நிறுத்திக்கொண்டது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட, அங்குள்ள வர்த்தக நீதிமன்றம் 1995 கடைசியில் உலகம் முழுக்கப் பொருத்தச் சொல்லிவிட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998-ல் வந்த தீர்ப்பு ஆமையைக் காப்பது தப்பு என்று சொல்லவில்லை, எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி அவகாசமும் உதவியும் தராமல் பாரபட்சமாகச் செய்ததுதான் தப்பு என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியது, சட்டத்தை விடவில்லை. 2019-லிருந்து நம் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே கதவு அடைத்திருக்கிறது, பண்ணை இறால் மட்டும் போகிறது. இத்தனை கட்டத்தில் அதிபரின் பெயர் ஒரு இடத்தில் கூட வரவில்லை, கவனித்தீர்களா? அமெரிக்காக்காரன் முடிவு பண்ணிட்டான் என்று ஏலக்கூடத்தில் ஒரே வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தோம். இதில் நாடாளுமன்றம், ஒரு துறை, ஒரு அமைப்பு, ஒரு நீதிமன்றம் என்று நான்கு கை இருக்கிறது.

சரி, குறைகள். இன்றைய சவால்கள் என்ற பகுதியைக் கடைசி வகுப்பில் போட்டு அமுக்கிவிட்டார்கள். சீனா, உக்ரைன், 2021-ல் ஆப்கானிஸ்தானை விட்டு வந்தது, 1961-ல் தொடங்கிய, வெளிநாடுகளுக்கு உதவி கொடுக்கும் அமெரிக்க அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது, எல்லாம் ஒரே மாலையில். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25 என்று வரி ஏறி, இறாலுக்கு ஏற்கெனவே இருந்த வரிகளோடு சேர்ந்து எங்களைப் போட்டு வாட்டியதே, அதற்குக் கால் மணி நேரம் கூட இல்லை. வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்துடையது, அதிபரோ 1977 அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டித் தானே போட்டார், வழக்கு அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனது. சாரின் மூன்று கேள்விக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? குறைந்தது இரண்டு வகுப்பு ஒதுக்கியிருக்க வேண்டும்.

குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் சார் பேசுவதை நோட்டில் எழுதிக்கொண்டே ஓடுகிறார்கள், இது பெரிய அநியாயம். வகுப்புப் பதிவைத் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள், தரவில்லை. கட்டணம் 2,000 ரூபாய்க்குள்தான். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மாடி அறை, மதிய வெயிலில் வேகும், தண்ணீர் கொண்டு போங்கள். ராமேஸ்வரம், தொண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பேருந்து நேரத்தைச் சொன்னால் சார் சந்தேகங்களை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

அடுத்த சேர்க்கை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்குப் பிறகு தொடங்கினால் படகுக்காரர்களும் வர முடியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் விசாரிக்கப் போகும்போது அதையே கேளுங்கள், கூடவே தமிழில் குறிப்பும் கேளுங்கள்.