வேலேண்டுக்கு மாறியபின் விசை மாற்றங்களை எங்கே வைப்பது?

லினக்ஸ் வகையான உபுண்டுவின் 25.10 பதிப்பில் க்னோம் மேசைத்தளத்துக்கு எக்ஸ்ஆர்க் அமர்வு கிடையாது, வேலேண்ட் மட்டும்தான். சாளரங்களைக் காட்டி, விசைகளைச் செயலிகளுக்கு அனுப்பும் பழைய அமைப்பு எக்ஸ்ஆர்க் (சுருக்கமாக எக்ஸ்), புதியது வேலேண்ட். மேம்படுத்திய கையோடு பலருக்கும் வரும் தொல்லை ஒன்று உண்டு: விசைகளை மாற்றும் எக்ஸ்மாட்மேப் கருவியின் கோப்பில் எழுதி வைத்த கேப்ஸ்லாக்–கன்ட்ரோல் மாற்றம் டெர்மினலில் எடுபடாது, பழைய செயலி ஒன்றிரண்டில் மட்டும் எடுபடும். எக்ஸ்மாட்மேப்பும் அதைப் போன்ற செட்எக்ஸ்கேபிமேப்பும் எக்ஸ் சர்வரிடம்தான் பேசும். இப்போது அங்கே இருப்பது எக்ஸ்வேலேண்ட், பழைய எக்ஸ் செயலிகளுக்காக வேலேண்டுக்குள் ஓடும் எக்ஸ் சர்வர். விசை அட்டவணை, வேலேண்டில் சாளரங்களை ஆளும் கம்போசிட்டரின் கையில்.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. 2008, 2009 வாக்கில் எக்ஸ்ஆர்க் ஈவிதேவ் என்ற உள்ளீட்டு ஓட்டிக்கு (டிரைவர்) மாறியபோது, மேல் அம்புக்குறியை அழுத்தினால் திரைப்பிடிப்பு வந்தது. கெர்னலில் அந்த விசையின் எண் 103, எக்ஸ் அதோடு 8 கூட்டி 111 என்று படிக்கும். பழைய ஓட்டியில் 111 என்பது பிரின்ட் விசை. சாளர அமைப்பின் எண்களை நம்பி எழுதிய எதுவும் அடுத்த மாற்றத்தில் உடையும். ஆகவே மாற்றத்தை அதற்குக் கீழே வைப்பதே சரி.

ஒரு விசைக்குப் பதில் இன்னொன்று, அவ்வளவுதான் தேவையென்றால் லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யுதேவின் வன்பொருள் தரவுத்தளம் போதும். ஈவிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை ஓடவிட்டு விசையை அழுத்துங்கள். அந்த விசைக்குப் பலகை அனுப்பும் ஸ்கேன் எண் தெரியும். மடிக்கணினியின் கேப்ஸ்லாக்குக்கு 3ஏ, யுஎஸ்பி பலகையில் 70039. தரவுத்தளக் கோப்பில், முதல் வரியில் பலகையின் அடையாளம், அடுத்த வரியில் ஸ்கேன் எண்ணும் புதிய விசைப் பெயரும். இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. அடையாளத்தில் வரும் பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண்களுக்குப் பெரிய எழுத்துகள்தான். ஒரே பலகையை வயரிலும் புளூடூத்திலும் இணைத்தால் இரண்டு அடையாளம், இரண்டு பதிவு. பிறகு தரவுத்தளத்தைப் புதுப்பித்து யுதேவைத் தூண்டிவிட்டால், சாளரமே இல்லாத கன்சோலிலும் மாற்றம் நிற்கும். நெடுநாள் பயன்பாட்டில் இதற்கு ஈடு வேறில்லை.

தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்ற இரட்டை வேலைக்குக் கீடி என்ற விசை மாற்றும் மென்பொருள் வேண்டும். அமைப்புக் கோப்பில் ஓவர்லோட் என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். தவறாக எழுதி விசைகள் எல்லாம் முடங்கினால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். நிறுவும் முன்பே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீடியின் பலகை மெய்நிகர் பலகை என்பதால், தட்டச்சின்போது டச்பேடை அணைக்கும் வசதி மடிக்கணினியில் போய்விடும். உள்ளங்கை பட்டுக் கர்சர் தாவும். உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட்டின் உள்ளூர்க் குவிர்க்ஸ் (சாதனத் திருத்தக்) கோப்பில் கீடி பலகையை மடிக்கணினியின் உட்பலகை என்று குறித்தால் சரியாகும்.

வெறும் கேப்ஸ்லாக்கை கன்ட்ரோலாக்க இத்தனையும் தேவையில்லை. க்னோமின் எக்ஸ்கேபி (விசை அமைப்பு) விருப்பங்களில் ஒரு பதிவு போதும், எக்ஸிலும் வேலேண்டிலும் செல்லும்.

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: கீடியில் எழுத்து விசைகளை இடம் மாற்றினால் தமிழ் எழுத்துகளும் கூடவே இடம் மாறும், ஏனென்றால் தமிழ் உள்ளீட்டைக் கையாளும் ஐபஸ்ஸுக்கு வந்து சேர்வதே மாறிய விசைதான். கன்ட்ரோல், ஆல்ட், கேப்ஸ்லாக் போன்றவற்றை மட்டும் தொடுங்கள்.